பிரசங்கம் நாடகமானதும் நாடகம் பிரசங்கமாவதும்

யாக்கோமே கொன்சால்வஸ் அடிகள் கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்தபோது அங்கே கத்தோலிக்கம் தடைசெய்யப்பட்ட சமயம். கரையோரப் பகுதிகள் டச்சுக்காரரின் ஆட்சியில் இருந்தன. ஆலயங்கள் கைமாறியிருந்தன, குருக்கள் மறைவாகவே ஊர் ஊராகச் சென்றனர், அச்சகம் டச்சுக்காரரிடம் இருந்ததால் கத்தோலிக்க நூல்கள் கையெழுத்துப் படிகளாகவே பரவின. இச்சூழலில் அவர் தமிழில் இயற்றியதே ‘வியாகுல பிரசங்கம்’. இயேசுவின் பாடுகளை ஒன்பது பிரசங்கங்களாகப் பகுத்து, தவக்காலத்தில் இராகத்தோடு வாசிப்பதற்கென எழுதப்பட்ட நூல் அது. குரு வந்து சேர இயலாத ஊரிலும், ஏடு வாசிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால் பாடுகளின் கதை ஒலித்துவிடும்.

அவ்வாசிப்போடு சுரூபங்கள் சேர்ந்தன. வாசிப்பவர் கெத்சமனித் தோட்டத்தைச் சொல்லும்போது முழந்தாளிட்ட இயேசுவின் உருவம் காட்டப்படும்; சிலுவைப் பயணத்தைச் சொல்லும்போது உருவம் நகர்த்தப்படும். கொன்சால்வஸ் சிங்களத்தில் எழுதிய ‘துக்பிராப்தி பிரசங்கய’ என்னும் இணைநூலிலிருந்தே சிங்களக் கத்தோலிக்கரின் பாஸ்கு மரபு வளர்ந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. தமிழ்ப் பகுதிகளில், குறிப்பாக மன்னார்த் தீவின் பேசாலையிலும் யாழ்ப்பாணத்தின் கரையோர ஊர்களிலும், இது ‘உடக்குப் பாஸ்’ எனப்பட்டது. உடக்கு என்பது ஆட்டுவிக்கத்தக்க உருவம். பின்னர் உருவங்களின் இடத்தில் மனிதர் நடிக்கத் தொடங்கினர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரியசேவியர் அடிகள் 1965இல் நிறுவிய திருமறைக் கலாமன்றம் யாழ்ப்பாணத்தில் பேரளவில் திருப்பாடுகளின் நாடகங்களை மேடையேற்றியது. தமிழகத்திலும் பாஸ்கா நாடகம் கத்தோலிக்க ஊர்களின் ஆண்டு நிகழ்வாக நிலைத்தது.

இவ்வரிசையில் முதலில் வருவது பிரசங்கம் என்பதைக் கவனிக்க வேண்டும். சொல் முன்னே செல்ல, காட்சி அதன் பின்னே வந்தது; உருவத்துக்கென்று தனிக்குரல் கிடையாது. இன்று விவிலியத் தொலைக்காட்சித் தொடரின் ஒரு காட்சியை ஆலயத்தின் திரையில் மூன்று நான்கு நிமிடம் ஓடவிட்டு, அதிலிருந்து பிரசங்கத்தைத் தொடங்கும் வழக்கம் பரவியிருக்கிறது. இங்கே காட்சி முன்னே செல்கிறது. பிரசங்கம் அதற்கு உரை எழுதுகிறது. முந்நூறாண்டுகளில் நிகழ்ந்த இத்திசைமாற்றத்தைத் தொழில்நுட்பத்தின் விளைவு என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. யாருடைய சொல் வேதச்சொல், யாருடைய சொல் விளக்கம் என்னும் எல்லை இம்மாற்றத்தின் ஊடே நகர்ந்திருக்கிறது. தமிழில் அந்த எல்லை மொழிநடையிலேயே பொறிக்கப்பட்டிருந்தமையால், அதன் நகர்வையும் மொழிநடையிலேயே கண்டுகொள்ளலாம்.

அசையும் படம் தமிழ்நாட்டுக்கு வந்த கதையில் இயேசுவின் வாழ்க்கைக்கு முதல் வரிசையில் இடமுண்டு. திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய இரயில்வேயில் வரைவாளராகப் பணியாற்றிய கோயம்புத்தூர்க்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டூபான்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து திரையிடும் கருவியையும் சில படச்சுருள்களையும் இரண்டாயிரம் ரூபாய்க்குச் சற்று மேலான விலையில் வாங்கினார். அச்சுருள்களுள் ஒன்று இயேசுவின் வாழ்க்கை. வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தோடு ஊர் ஊராகச் சென்று வடக்கே பெஷாவர் வரை படம் காட்டிய அவரே பின்னர் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கை அமைத்தார். அவர் கத்தோலிக்கர், ஆயினும் அவருடைய முயற்சியைச் சமயப் பரப்பு என்று வகைப்படுத்துவது பொருந்தாது. கட்டணம் வாங்கிக் காட்டிய வேடிக்கை அது. தமிழகத்தின் சுற்றுலாத் திரையிடலின் தொடக்கத்தில் வணிகமும் வேதக்கதையும் ஒரே கூடாரத்தில் இருந்தன. பின்னாளைய விவாதங்கள் பலவற்றில் இவ்வுண்மை மறக்கப்படுகிறது.

அக்காலத்து இயேசு படங்கள் தனித்தனிக் காட்சிப் படிமங்களின் தொகுப்பு. பிரான்சின் பாத்தே நிறுவனம் தன் இயேசு படத்தின் காட்சிகளைத் தனித்தனியாகவே விற்றது. வாங்குவோர் தமக்கு வேண்டியவற்றைத் தெரிந்தெடுத்துக் கோத்துக்கொள்ளலாம். ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் இடையிலுள்ள கதையைப் பார்வையாளர் முன்பே அறிந்திருக்க வேண்டும். அல்லது எவரேனும் எடுத்துச் சொல்ல வேண்டும். மௌனப்படக் காலத்துத் தென்னிந்திய அரங்குகளில் திரையருகே நின்று கதைசொல்லும் ஆள் ஒருவர் இருந்தார். மிஷனரிகள் அதற்கும் முன்பே மாய விளக்குப் படங்களை வைத்துக்கொண்டு இதையே செய்துவந்தனர். படம் ஊமை, உபதேசியார் பேசுவார். கொன்சால்வஸின் ஏட்டுக்கும் உடக்குக்கும் இருந்த உறவு இங்கே கண்ணாடிச் சில்லுக்கும் படச்சுருளுக்கும் இடம்பெயர்ந்தது. (பம்பாயில் இயேசுவின் வாழ்க்கைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தம் மனத்திரையில் இராமனும் கிருஷ்ணனும் ஓடியதாகத் தாதாசாகேப் பால்கே பின்னர் எழுதினார். 1913இல் ‘ராஜா ஹரிச்சந்திரா’ வந்தது. இந்தியப் புராணப் படத்தின் மூதாதையருள் ஒருவர் நாசரேத்தூரார் என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.)

படம் பேசத் தொடங்கியபின் உபதேசியாரின் நிலை என்னவாயிற்று? இதற்கு விடைதரும் முதன்மையான இந்தியச் சான்று 1978இல் வெளிவந்த ‘கருணாமயுடு’ என்னும் தெலுங்குப் படம். ‘பாசமலர்’, ‘பாவமன்னிப்பு’ ஆகிய படங்களால் தமிழர் நன்கறிந்த ஏ. பீம்சிங் இதன் இயக்குநர். 1978 ஜனவரியில் அவர் மறைய, பிரான்சிஸ்கன் துறவியான கிறிஸ்டோபர் குவெல்லோ எஞ்சிய பணியில் பங்கேற்றார். விஜயசந்தர் இயேசுவாக நடித்தார். திரையரங்குகளுக்கென எடுக்கப்பட்ட இந்த வணிகப் படம் பிற இந்திய மொழிகளுக்கும் மாற்றப்பட்டது; இந்தியில் ‘தயாசாகர்’ என்னும் பெயர் பெற்றது. பின்னர் டேஸ்பிரிங் இன்டர்நேஷனல் என்னும் அமெரிக்க அமைப்பு அதை ஊழியக் கருவியாக ஏற்று, வண்டியும் திரையும் மின்னாக்கியுமாகக் குழுக்களைச் சிற்றூர்களுக்கு அனுப்பியது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இப்படத்தைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்த டுவைட் ஃப்ரீசன், இதன் காட்சிமொழி இந்தியப் பக்திப்படங்களின் காட்சிமொழியோடு கொண்டுள்ள நெருக்கத்தை விரிவாக ஆராய்ந்துள்ளார். இயேசுவின் நிலையான பார்வை, கருணை வழியும் முகம், நின்று நிதானிக்கும் கேமரா ஆகியவை தரிசனத்துக்குப் பழகிய கண்களுக்கு உரியவை.

இத்திரையிடல்களில் உபதேசியார் மறைந்துவிடவில்லை. அவருடைய இடம் மாறியது. முன்பு படத்தோடு சேர்ந்து பேசியவர் இப்போது படம் முடிந்தபின் பேசினார். அடுத்த ஆண்டு, 1979இல், அமெரிக்காவில் வெளிவந்த ‘ஜீசஸ்’ என்னும் படம் இன்னும் ஓர் அடி முன்னே சென்றது. கேம்பஸ் குருசேட் அமைப்பின் பில் பிரைட்டும் தயாரிப்பாளர் ஜான் ஹேமனும் சேர்ந்து லூக்கா நற்செய்தியை அடிப்படையாகக் கொண்டு எடுத்த படம் இது. உரையாடல்களைப் பெரும்பாலும் நற்செய்தி வாசகங்களுக்குள்ளேயே நிறுத்திக்கொண்டமையால் மொழிமாற்றம் எளிதாயிற்று; இன்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் அது கிடைக்கிறது. அதன் முடிவில் பார்வையாளரை நோக்கிய அழைப்பும் மன்றாட்டும் இணைக்கப்பட்டன. பிரசங்கியாரின் குரலே படச்சுருளுக்குள் பதிவாகிவிட்டது. அவர் ஊருக்கு வராவிட்டாலும் அவருடைய அழைப்பு வரும்.

ஆயினும் இவ்விரு படங்களிலும் வேதச்சொல்லின் எல்லை பெருமளவு காக்கப்பட்டிருந்தது. ஒன்று வேத வாசகத்தோடு நின்றது. மற்றொன்று கற்பனைக் காட்சிகளைச் சேர்த்தபோதும் புராணப்படத்தின் உயர்நடையில் பேசியது. தொலைக்காட்சித் தொடரோ வேறு இயல்பு கொண்டது. இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் படம் நற்செய்தியைச் சுருக்குகிறது. பல ஆண்டுகள் ஓடவேண்டிய தொடர் நற்செய்தியை நீட்டியே ஆகவேண்டும். நற்செய்தி நூல்கள் நான்கும் சேர்ந்தாலும் சிறிய அளவின. பேதுருவின் மாமியாருக்கு அங்கே பெயரில்லை, மனைவியைப் பற்றிய விவரமும் இல்லை. தொடருக்கு இவ்விருவரும் வேண்டும். அவர்களுக்கு வீடும் கடனும் ஊடலும் வேண்டும். இட்டுக்கட்டுவதை விட்டால் தொடருக்கு வேறு வழியில்லை.

1977இல் இத்தாலியிலும் பிரிட்டனிலும் ஒளிபரப்பான பிராங்கோ செஃபிரெல்லியின் ‘ஜீசஸ் ஆஃப் நசரேத்’ இதன் தொடக்கநிலை. அமெரிக்காவில் ஒளிபரப்பாகும் முன்பே இயேசுவை வெறும் மனிதராகக் காட்டுகிறது என்னும் எதிர்ப்புக் கிளம்பி, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் விளம்பர ஆதரவை விலக்கிக்கொண்டது. இந்தியாவில் அலையை எழுப்பியவை வேறு தொடர்கள்: 1987–88இல் ‘ராமாயண்’, 1988–90இல் ‘மகாபாரத்’. ஞாயிறு காலையில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலையிட்டு வணங்கிய வீடுகளைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. கிறித்தவரைப் பொறுத்தவரை ஞாயிறு காலை ஆராதனைக்குரிய நேரம் என்பது அவ்வளவாக எழுதப்படவில்லை. கேரளத்தின் நவோதயா நிறுவனம் தயாரித்த ‘பைபிள் கி கஹானியா’ 1992இன் இறுதியில் தூர்தர்ஷனில் தொடங்கியது. தேசிய ஒளிபரப்பில் கிறித்தவ வேதத்துக்குக் கிடைத்த இடம் என்ற அளவில் அதற்கு முக்கியத்துவம் உண்டு. ஆனால் அது இந்தியில் பேசியது. தமிழ்ச் சபைகளில் அத்தொடரின் வசனம் எதுவும் மேற்கோளாக நிலைபெறாததற்கு இதுவே போதிய காரணம். காட்சி கண்ணில் நின்றாலும் வசனம் வாயில் ஏற மொழி வேண்டும்.

‘தி சோசன்’ என்னும் தொடரின் பிறப்பே ஆலயத்தில் நிகழ்ந்தது என்பது இவ்வரலாற்றில் முக்கியமான திருப்பம். டல்லஸ் ஜென்கின்ஸ் இலினாய் மாநிலத்தில் தம் சபையின் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கென ‘தி ஷெப்பர்ட்’ என்னும் குறும்படத்தை எடுத்தார். பெத்லகேம் மேய்ப்பர்களுள் ஊனமுற்ற ஒருவரின் கண்வழியே பிறப்பின் கதையைச் சொல்வது அது. 2017இல் இணையத்தில் வெளியான அக்குறும்படமே தொடருக்கான விண்ணப்பமாயிற்று. பொதுமக்களிடம் திரட்டிய ஒரு கோடி டாலருக்கு மேற்பட்ட முதலீட்டில் முதல் பருவம் 2019இல் வெளிவந்தது. எட்டு அத்தியாயங்கள், ஏழு பருவங்கள் திட்டம், கட்டணமில்லாச் செயலி. 600 மொழிகளில் கொண்டுவருவது இலக்கு என்று அதற்கான ‘கம் அண்ட் சீ’ அறக்கட்டளை அறிவித்தது. தமிழ் டப்பிங்கும் வந்தது. தொடரை ஒட்டிய வேதபாடக் கையேடுகளும் வெளியாகி, சிறு குழுக்களில் வாரம் ஓர் அத்தியாயம் பார்த்து உரையாடும் முறை அமைந்தது. பிரசங்கத்துக்குத் துணையாக எடுக்கப்பட்ட ஒரு காட்சி பிரசங்கத்துக்குப் பாடநூலாக வளர்ந்தது என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம்.

தொடரின் முதல் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே, பின்னணிகளும் சில பாத்திரங்களும் உரையாடல்களும் சேர்க்கப்பட்டவை என்றும், நற்செய்தி நூல்களை வாசிக்குமாறும் ஓர் அறிவிப்பு வருகிறது. நேர்மையான அறிவிப்புத்தான். ஆனால் ஆலயத் திரையில் நடு அத்தியாயத்திலிருந்து மூன்று நிமிடம் வெட்டிக் காட்டும்போது அவ்வறிவிப்பு வெட்டுக்கு வெளியே நின்றுவிடுகிறது.

பெத்சதா குளத்தருகே முப்பத்தெட்டு ஆண்டு படுத்திருந்தவரை எடுத்துக்கொள்வோம். யோவான் நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் அவருக்குப் பெயரில்லை. தம்மைக் குளத்தில் இறக்கிவிட ஆளில்லை என்பதே அவருடைய முறையீடு. தொடர் அவருக்கு ஜெஸ்ஸி என்று பெயரிட்டு, செலோத்தே எனப்படும் சீமோனை அவருடைய உடன்பிறந்தவராக்குகிறது. அண்ணன் எழுந்து நடப்பதைத் தம்பி காண்பதே தம்பியின் மனமாற்றத்துக்குக் காரணமாகிறது. நாடகம் என்ற முறையில் இது மிகச் சிறந்த பின்னல். ஆனால் ஆளில்லாத மனிதருக்கு ஆளைக் கொடுத்தபின் மூலக்கதையின் கூர்முனை மழுங்குகிறது. யாருமற்றவனிடம் அழைக்கப்படாமலே ஒருவர் வந்தார் என்னும் செய்தி குடும்பக்கதைக்குள் கரைந்துபோகிறது. காட்சியைக் காட்டிவிட்டுப் பிரசங்கிப்பவர் ‘சீமோனின் அண்ணன்’ என்று ஒருமுறை வாய்தவறிச் சொன்னால், அது கேட்பவர் நினைவில் வேதத்தின் பகுதியாகவே தங்கும். ஆங்கிலத்தில் இது நிகழ்ந்துகொண்டிருக்கிறது: மத்தேயுவை அழைக்கும் காட்சியில் தொடரின் இயேசு சீமோனிடம் சொல்லும், வித்தியாசத்துக்குப் பழகிக்கொள் என்னும் பொருள்பட்ட வசனம் சட்டைகளில் அச்சாகி விற்பனையாகிறது. நான்கு நற்செய்திகளில் எதிலும் அவ்வசனம் இல்லை.

இதற்காக இட்டுக்கட்டலையே குற்றமாக்குவோர் தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தின் உச்சங்களை மறந்தவர்களாவர். வீரமாமுனிவரின் ‘தேம்பாவணி’ 3,615 பாடல்களில் யோசேப்பைக் காப்பியத் தலைவராக்குகிறது. நற்செய்தியில் ஒரு சொல்லும் பேசாத யோசேப்பு அங்கே வளனாகி நிறையப் பேசுகிறார். ஸ்பானியத் துறவி ஆகிரேதா மரியாவின் காட்சிநூல் முனிவருக்கு மூலமாயிற்று. அதற்குமேல் தமிழ்க் காப்பிய மரபு நாடும் நகரும் மலையும் தந்தது. ‘தி சோசன்’ சேர்த்ததைவிட ‘தேம்பாவணி’ சேர்த்தது அதிகம். ஆயினும் ‘தேம்பாவணி’யை எவரும் வேதமென்று மயங்கியதில்லை. விருத்தம் தன்னை விருத்தமென்று அறிவித்துக்கொள்கிறது. கற்பனையின் அடையாளம் யாப்பிலேயே இருந்தது. கேட்ட கணத்தில் காது அறியும்.

தமிழ் வேதத்துக்கும் அத்தகைய அடையாளம் உண்டு, வேறு வகையில். சீகன்பால்குவின் 1715ஆம் ஆண்டுப் புதிய ஏற்பாட்டில் தொடங்கி, பப்ரிசியஸ், ரேனியஸ் வழியாக, 1871இல் பவர் தலைமையில் நிறைவுற்ற ஐக்கிய மொழிபெயர்ப்பு வரை உருவான நடை, பேச்சுவழக்கிலிருந்தும் புலவர் நடையிலிருந்தும் வேறுபட்ட மூன்றாவது நடை. அதன் மிகக் கூர்மையான கருவி முன்னிலைப் பெயர். சீடரும் நோயாளிகளும் இயேசுவை ‘நீர்’ என விளிக்கின்றனர். ‘நீ’க்கும் ‘நீங்கள்’க்கும் இடைப்பட்ட இச்சொல் பொதுத்தமிழில் பெருமளவு வழக்கிறந்து, தென்மாவட்டப் பேச்சிலும் கிறித்தவ மன்றாட்டிலும் உயிரோடிருக்கிறது. பாலைவனத்தில் சோதிக்க வரும் சாத்தானும் அம்மொழிபெயர்ப்பில் ‘நீர்’ என்றே சொல்கிறான். ஆளுநன் பிலாத்துவும் தலைமைக் குருவும் ‘நீ’ என்கின்றனர். சாத்தான் அறிந்ததை அதிகாரம் அறியவில்லை என்னும் முழு இறையியலும் ஓர் எழுத்தின் வேறுபாட்டில் அடங்கிவிடுகிறது. கிரேக்க மூலத்தில் இவ்வேறுபாடு கிடையாது. ஒருமை முன்னிலைக்கு அங்கே ஒரே சொல்தான். தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் எழுதாமலே எழுதிய விளக்கவுரை அது.

ஆங்கிலத் தொடர் வேண்டுமென்றே இன்றைய பேச்சுமொழியில் நடக்கிறது. சீடர்கள் கேலி பேசுகின்றனர், இயேசு சிரிக்கிறார். ஆங்கிலத்தின் ஒரே முன்னிலைச் சொல் எல்லா உறவுகளையும் மூடிவிடுவதால் எழுத்தாளருக்கு அங்கே சிக்கலில்லை. தமிழில் டப்பிங் உரை எழுதுபவர் ஒவ்வொரு வாக்கியத்திலும் முடிவெடுக்க வேண்டும். அந்திரேயா அண்ணனை எப்படி அழைப்பான்? பேதுரு மனைவியிடம் என்ன விகுதியில் பேசுவார்? எல்லோரும் இயேசுவை ‘நீங்க’ என்றால் அவர் மதிப்புக்குரிய ஓர் ஆசிரியர். ‘நீர்’ என்றால் வழிபாட்டுக்குரியவர். ஆனால் மீன்பிடி படகில் உட்கார்ந்து கேலி பேசிக்கொண்டிருப்பவரிடம் ‘நீர்’ பொருந்தாது. பேச்சுநடையில் முழுதும் சென்றால் நற்செய்தி வாசகமும் சேர்க்கப்பட்ட வசனமும் ஒரே குரலில் ஒலித்துத் தையல் தெரியாமற்போகும். நற்செய்தி வாசகத்தை மட்டும் வேதநடையில் வைத்தால் தையல் தெரியும்; ஆனால் பேசிக்கொண்டிருந்த மனிதர் திடீரென மேடையேறியதுபோல் ஆகும். ‘திருவிளையாடல்’ முதல் 2013இல் விஜய் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘மகாபாரதம்’ டப்பிங் வரை, தெய்வப் பாத்திரங்கள் செந்தமிழில் பேசக் கேட்டுப் பழகியவை தமிழ்க் காதுகள். அப்பழக்கத்துக்கு இணங்கினால் தொடரின் உயிரான எளிமை போய்விடும்.

கானாவூர்த் திருமணம் இச்சிக்கலின் முடிச்சு. இரசம் தீர்ந்ததைத் தாய் சொல்ல, மகன் தரும் மறுமொழியில் வரும் விளியை 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு ‘ஸ்திரீயே’ என்றது. 1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பு ‘அம்மா’ என்றது. முன்னதைக் கேட்கும் தமிழர் எவருக்கும் முகம் சுளிக்கும். அச்சுளிப்பை ஆற்றுவதற்கென்றே, மூலமொழியில் அச்சொல் அவமதிப்பன்று என விளக்கும் பிரசங்கங்கள் தலைமுறை தலைமுறையாக எழுந்தன. பின்னது அச்சுளிப்பைத் துடைத்துவிட்டது. கூடவே, தாய்க்கும் மகனுக்கும் இடையில் அக்கணத்தில் ஏன் ஒரு தொலைவு விழுந்தது என்னும் கேள்வியையும் துடைத்துவிட்டது. தொடர் இக்காட்சியை முதல் பருவத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் தாய்மகன் பாசம் ததும்ப அமைத்திருக்கிறது. அதைக் காட்டிப் பிரசங்கிப்பவருக்கு விளக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. நெகிழ்வதற்கு மட்டும் நிறைய மிஞ்சுகிறது. வேதவாசகத்தின் கரடுமுரடே பிரசங்கத்தின் பிழைப்பு என்று சொன்னால் சற்றுக் கேலியாகத் தோன்றலாம். ஆயினும் மூன்று நூற்றாண்டுத் தமிழ்ப் பிரசங்கங்களில் நிலைத்தவை பெரும்பாலும் அத்தகைய முரடான சொற்களின் மேலேயே கட்டப்பட்டிருக்கின்றன.

பெயர்களிலும் இதே நிலை. பழைய கத்தோலிக்கத் தமிழில் இராயப்பர், சின்னப்பர், அருளப்பர். சீர்திருத்தச் சபைகளில் பேதுரு, பவுல், யோவான். ஒருவர் ஞானஸ்நானம் என்பதை மற்றவர் திருமுழுக்கு என்பர்; சீஷர், சீடர்; அப்போஸ்தலர், திருத்தூதர். எழுத்தில் அவரவர் நூலை அவரவர் வாசித்துக்கொள்ளலாம். டப்பிங்கில் ஒரே குரல்தான் உண்டு. அக்குரல் ஏதேனும் ஒரு சபையின் சொல்லைச் சொல்லியே தீரவேண்டும். ‘தி சோசன்’ ஆங்கிலத்தில் கத்தோலிக்கக் குரு, சுவிசேஷ சபை அறிஞர், இயேசுவை மெசியாவாக ஏற்கும் யூத ரபி ஆகிய மூவரையும் ஆலோசகராக வைத்துச் சபைப் பிரிவுகளைத் தாண்டிச் சென்றது. தமிழில் வாய் திறந்த கணத்தில் அந்தப் பொதுமை சோதனைக்குள்ளாகிறது. 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பை உருவாக்க இரு தரப்பு அறிஞரும் ஆண்டுக்கணக்கில் கூடி உட்கார்ந்து சொல் சொல்லாக உடன்பட வேண்டியிருந்தது. டப்பிங் உரைக்கு அத்தகைய அமர்வு எதுவும் கட்டாயமில்லை. ஆனால் கேட்போர் எண்ணிக்கை அச்சுநூலை வாசிப்போரைவிட அதிகமாக இருக்கக்கூடும்.

இந்தியாவின் வேதாகமச் சங்கம் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டது. மொழிவாரி வேத மொழிபெயர்ப்புகளின் பொறுப்பு அதனிடம் உள்ளது. 1967இல் அமலோற்பவதாஸ் அடிகள் தலைமையில் தொடங்கிய தேசிய விவிலிய மறைக்கல்வி வழிபாட்டு மையமும் அதே நகரில்தான். அந்நகரத்தின் கத்தோலிக்கப் பங்குகளில், இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப்பின் இலத்தீன் விலகியதும், பூசையைத் தமிழில் நடத்துவதா கன்னடத்தில் நடத்துவதா என்னும் பூசல் எழுந்து பல பத்தாண்டுகள் நீடித்தது. வேதச்சொல்லின் மொழி எவ்வளவு உயிர்ப்பான பொருள் என்பதற்கு அப்பூசலைவிட வலிய சான்று வேண்டியதில்லை. நகரின் தென்முனையில், ஓசூர்ச் சாலையில் உள்ள பொம்மசந்திரா தொழிற்பேட்டை தமிழும் கன்னடமும் தெலுங்கும் இந்தியும் ஒடியாவும் ஒரே வேலைநேர மாற்றத்தில் கலக்கும் இடம். 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் அங்கே போய் முடிந்தது. ‘தயாசாகர்’ குழுக்கள் செய்ததுபோலப் பொதுவெளியில் திரைகட்டி ஊரைக் கூட்டுவது இன்று அங்கே எளிதன்று. கர்நாடகத்தில் 2022ஆம் ஆண்டின் மதமாற்றத் தடைச் சட்டம் அத்தகைய கூடுகைகளின்மேல் ஐயத்தின் நிழலை விழச்செய்தது. 2023 ஜூனில் அதை விலக்கிக்கொள்ள அமைச்சரவை முடிவெடுத்த பின்னும் அந்த அச்சம் உடனே அகன்றுவிடக்கூடியதன்று. செயலிக்குத் திரையும் வேண்டாம், மைதானமும் வேண்டாம், காவல்நிலைய அனுமதியும் வேண்டாம். இரவுப்பணி முடிந்து திரும்புபவர் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு மொழிப்பட்டியலில் தம் மொழியைத் தெரிவுசெய்தால் போதும்.

அப்பட்டியலில் தமிழுக்கும் கன்னடத்துக்கும் பூசல் இல்லை. ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையில் நிற்கின்றன. வியாகுல பிரசங்கத்தை வாசித்தவர் ஓர் ஊர் முழுவதும் கேட்க வாசித்தார். ஊர் ஒருமொழி ஊராக இருந்தது. பன்மொழிச் சபை ஒன்று ஞாயிறு ஆராதனையில் அதே தொடரின் காட்சியைத் திரையில் காட்ட விரும்பினால், ஒலியை எந்த மொழியில் வைப்பது என்னும் பழைய கேள்வி முதல் நொடியிலேயே திரும்பி வருகிறது. ஒலியை ஆங்கிலத்தில் விட்டு, அடியில் எழுத்து ஓடவிட்டு, போதகர் அவ்வப்போது படத்தை நிறுத்தித் தமிழிலும் கன்னடத்திலும் எடுத்துச் சொல்வது சபைக்கு எட்டிய வழிகளுள் ஒன்று. அவ்விடத்தில் அவர் ‘நீர்’ என்கிறாரா, ‘நீங்க’ என்கிறாரா என்பதை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தவர் இதுவரை அரிது.